மாஸி ஷா என்னும் தீயணைப்புப் படகும் மாத்தளைத் தோட்டங்களும்

வரலாற்றுச் சின்னம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் மக்கள் உள்ளத்தில் எழுவன கோட்டைகளும் கோயில்களும் தூபிகளும் அரண்மனைகளுமே. மாத்தளை மாவட்டம் இத்தகைய சின்னங்கள் மலிந்த நிலம். பாளி மொழித் திரிபிடகம் கி. மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்ற அளுவிகாரை இங்குள்ளது. காசியப்பன் கோட்டை அமைத்த சீகிரியாவும், குகை ஓவியங்களாற் சிறந்த தம்புள்ளையும், பல்லவர் கட்டடக் கலையின் சாயல் பெற்ற நாலந்தைக் கெடிகேயும் இம்மாவட்டத்தினவே. மன்னரும் துறவியரும் விட்டுச் சென்ற இவற்றைப் பேணுதல் கடன் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

ஆனால், அரசர் பெயரோ தெய்வத்தின் பெயரோ தாங்காத, வெறுந் தொழிற் கருவி ஒன்று வரலாற்றுச் சின்னமாதல் கூடுமோ? கூடும் என்பதற்கு இலண்டன் மாநகரின் தேம்ஸ் நதியில் மிதக்கும் பழைய தீயணைப்புப் படகொன்று சான்றாகும். அதன் பெயர் மாஸி ஷா. 1935ஆம் ஆண்டு தொழிலுக்கு வந்து, 1971ஆம் ஆண்டு ஓய்வு பெற்று, பின்னர் பொதுமக்கள் முயற்சியால் மீட்கப்பெற்று, இன்று பிரித்தானியாவின் வரலாற்றுக் கப்பல்களுள் ஒன்றாக எண்ணப்படுவது அது. கடலே காணாத மலைநாட்டு மாவட்டமொன்றுக்கும் அந்நியநாட்டு நதிப் படகொன்றுக்கும் தொடர்பு யாது என்னும் வினா இயல்பாக எழும். அத்தொடர்பு சிறிதன்று. அதனை அறிய, முதலில் மாத்தளைப் பொருள்கள் சென்ற வழியை நோக்குதல் வேண்டும்.

வடக்கு வீதியும் நதித் துறையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டி நாட்டு மலைச்சாரல்கள் கோப்பித் தோட்டங்களாயின. காடழித்தற்கும் கன்று நடுதற்கும் பழம் பறித்தற்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கங்காணிமார் வழியாகத் திரட்டப்பெற்றனர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் வறண்ட காட்டினூடே கால்நடையாகத் தெற்கு நோக்கி வந்தனர். தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளையை அடைந்த அவ்வழியே வடக்கு வீதி எனப்பட்டது. நீரின்மையும் வாந்திபேதியும் காய்ச்சலும் எண்ணிறந்தோரை அவ்வழியிலேயே மாய்த்தன. உயிருடன் வந்து சேர்ந்தோர்க்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாக இருந்தது. அந்நகரில் முத்துமாரியம்மன் வழிபாடு வேரூன்றியதும் இம்மக்களாலேயே.

1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது; மாத்தளையின் தாழ்ந்த சரிவுகளில் கொக்கோவும் பின்னர் இறப்பரும் பரவின; மிளகும் ஏலமும் சாதிக்காயும் முன்னரே உரியனவாயிருந்தன. கண்டிக்கு 1867இல் வந்த புகையிரதப் பாதை 1880இல் மாத்தளை வரை நீண்டது. தோட்டத்தில் உலர்த்திக் கட்டிய பெட்டியும் மூடையும் புகையிரதமேறிக் கொழும்புத் துறைமுகம் சென்று, அங்கிருந்து கப்பலேறி இலண்டனை அடைந்தன. தேயிலை ஏலத்தின் தலைமையிடமாக இலண்டன் நெடுங்காலம் விளங்கிற்று. அவ்வேலம் 1998ஆம் ஆண்டிலேயே முற்றாக நின்றது.

தேம்ஸ் நதியின் இருகரையிலும் அடுக்கடுக்காக எழுந்து நின்ற பண்டகசாலைகள் இப்பொருள்களின் உறைவிடமாயின. குடியேற்ற நாடுகள் பலவற்றின் உழைப்பு அங்கே ஒரு கூரையின்கீழ்க் குவிந்து கிடந்தது. தேயிலை, சர்க்கரை, சணல், பருத்தி, கொழுப்பு, மிளகு, இறப்பர், சாராயம் என அவற்றுட் பெரும்பாலானவை எளிதில் தீப்பற்றுவன. ஆகவே, நதிக்கரைத் தீயை நதியிலிருந்தே அணைக்கும் வழி தேடப்பட்டது.

1861ஆம் ஆண்டின் பாடம்

1861ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் திகதி, இலண்டன் பாலத்துக்கு அண்மையிலுள்ள டூலி வீதிப் பண்டகசாலையொன்றில் தீ மூண்டது. உருகிய கொழுப்பு நெருப்புடனே நதியிற் பாய்ந்து நீரின்மேல் எரிந்தது. அக்காலத்திலும் மிதக்கும் தீயணைப்புப் பொறிகள் இருந்தன. ஆனால் வெம்மை தாங்காது அவை கரையை நெருங்க இயலவில்லை. தீயணைப்பு நிலையத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் சுவரொன்று சரிந்து வீழ்ந்ததால் உயிர் நீத்தார். முற்றும் அணைய இரு வாரம் சென்ற அத்தீ, காப்புறுதிக் கம்பனிகளுக்குப் பேரிழப்பை விளைத்தது. அதுவரை தீயணைப்புச் சேவையைத் தம் செலவிலே நடத்திவந்த கம்பனிகள் அப்பொறுப்பை அரசிடம் ஒப்படைக்க முற்பட்டன. அதன் பயனாக 1865இற் சட்டமியற்றப்பட்டு, மறுவாண்டு மாநகரத் தீயணைப்புப் படை பொதுச் சேவையாகத் தொடங்கியது.

பிரெய்ட்வுட்டின் பின் தலைமை ஏற்றவர் அயர்லாந்தில் பிறந்த அயர் மாஸி ஷா என்பவர். 1861 முதல் 1891 வரை முப்பதாண்டு அவர் அப்பதவியில் இருந்தார். தீயணைப்பைப் பயிற்சியும் ஒழுங்குமுடைய தொழிலாக்கிய பெருமை அவர்க்குரியது. அவர் பெயரே பின்னாளிற் படகுக்கும் இடப்பெற்றது.

படகின் அமைப்பு

மாஸி ஷா, வைட் தீவிலுள்ள கௌஸ் என்னும் ஊரில் ஜே. சாமுவேல் வைட் கம்பனியாற் கட்டப்பெற்றது. நீளம் 78 அடி. உருவில் அழகு நாடப்படவில்லை, தேவையே நாடப்பட்டது. தேம்ஸ் நதி வற்றுப் பெருக்குடையது. வற்றிய வேளையில் ஆழமின்றிப் போகும். ஆகலின் படகின் அடிப்பாகம் ஆழங் குறைந்ததாக அமைக்கப்பட்டது. பெருக்கு வேளையிலோ பாலங்களின் அடிப்புறத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே வெளி சுருங்கும். அதனால் மேற்கட்டுத் தாழ்ந்ததாயிற்று.

இரு டீசல் இயந்திரங்கள் அதனைச் செலுத்தின. அவையே இரு நீரிறைப் பொறிகளையும் இயக்கின. நிமிடமொன்றுக்கு 3,000 கலன் நீரை அவை இறைக்க வல்லன. ஒரு கலன் நீரின் நிறை பத்து இறாத்தல் எனக் கொண்டால், ஒவ்வொரு நிமிடமும் 13 தொன்னுக்கு மேற்பட்ட நீர் எரியுங் கட்டடத்தின்மேல் வீசப்பட்டது எனலாம். நீராவிப் பொறியாயின் கொதிகலன் சூடேறும்வரை காத்திருத்தல் வேண்டும். டீசல் இயந்திரமோ அழைத்தவுடன் புறப்படும். மேலும், தரையிலுள்ள பொறிகள் வீதிக் குழாய்களின் நீரையே நம்பியிருப்பன. குழாய் உடைந்தால் அவை பயனற்றுப் போம். படகுக்கு நதியே நீர்த்தொட்டி. தான் நீர் வீசுவதுடன், கரையில் நிற்கும் பொறிகளுக்கும் குழாய் வழி நீர் ஊட்டவல்லது. இவ்வொரு சிறப்பே பின்னர் இலண்டனுக்குப் பேருதவியாயிற்று.

தொழிலுக்கு வந்த அதே ஆண்டு செப்டெம்பரில் முதற் பெருஞ்சோதனை நேர்ந்தது. வாப்பிங் பகுதியில் ‘குடியேற்ற நாட்டுத் துறை’ எனப் பொருள்படும் பெயருடைய பண்டகசாலை தீப்பற்றியது. உள்ளே அடுக்கியிருந்தது இறப்பர். கரும்புகை சூழ, நெருங்கிய சந்துகளில் நின்ற தரைப் படையினர் தடுமாறினர். நதியிலிருந்து மாஸி ஷா வீசிய பெருந்தாரை தீயை அடக்கி, அயற்கட்டடத்துக்குப் பரவாது தடுத்து, அவர்கள் மீண்டும் அணிவகுக்க இடங்கொடுத்தது.

உலகச் சந்தைக்கு அக்காலத்தில் இறப்பர் வழங்கிய நாடுகளுள் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் இலங்கையும் முதன்மையானவை. அவற்றுள் மலாயாவிலும் இலங்கையிலும் விடியுமுன் எழுந்து மரத்திற் பால் வெட்டியோருள் மிகப் பலர் தமிழர். அவர்கள் கைப்பட்ட பொருளே அத்துறைகளில் அடுக்கப்பெற்றது; அதைக் காக்கவே அப்படகு கட்டப்பெற்றது. காத்த கருவிக்கும் விளைத்த கைக்கும் உள்ள தொடர்பு இதுவே.

யுத்தகாலத்துத் தொண்டு

1940ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பிரித்தானியப் படையும் பிரெஞ்சுப் படையும் டன்கேர்க் கடற்கரையில் செர்மானியராற் சூழப்பட்டன. கரை ஆழமற்றது, பெருங்கப்பல்கள் நெருங்க மாட்டா. ஆகவே சிறுகலங்கள் வேண்டப்பட்டன. மாஸி ஷா நதிக்கென அமைந்தது, கடலைக் கண்டறியாதது, திசைகாட்டியும் அதில் இருந்ததில்லை. அவசரமாக ஒன்றைப் பொருத்திக்கொண்டு, பளபளத்த பித்தளைப் பாகங்களுக்குச் சாம்பல் வண்ணம் பூசி, தாமே முன்வந்த தீயணைப்பாளர் அதனைக் கால்வாய்க் கடலுக்கு அப்பால் செலுத்தினர்.

ஆழங் குறைந்த அடிப்பாகம் அங்கே பெரும்பயன் தந்தது. கரையோரம் வரை சென்று போர்வீரரை ஏற்றி, வெளியே நின்ற கப்பல்களுக்குக் கொண்டுசேர்த்தது. இவ்வாறு ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். நூறு பேரளவில் நேரே இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் துறைக்குக் கொணரப்பட்டனர். ஜூன் 4ஆம் திகதி, இலண்டனுக்கு மீளும் வழியில், எமில் டெஷாம் என்னும் பிரெஞ்சுக் கப்பல் கண்ணிவெடியில் அகப்பட்டு அமிழ்ந்தது. அருகே சென்ற மாஸி ஷா ஏறத்தாழ நாற்பது பேரைக் கடலிலிருந்து தூக்கியெடுத்தது. தீயைத் தணிக்கப் பிறந்த கலம் நீரில் மூழ்கியோரைக் காத்தது.

அதே ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி இலண்டன் துறைமுகத்தின்மீது செர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. சரே துறையின் மரக்கிடங்குகள் ஏக்கர் ஏக்கராக எரிந்தன. மிளகுக் கிடங்கு எரிந்த இடத்தில் காற்றே காரமாகி, மூச்சுவிடுதல் தீயை விழுங்குவது போலாயிற்று. சர்க்கரை உருகி நீர்மேற் பரந்து எரிந்தது. இறப்பர் எரிந்த புகை பட்டப்பகலை இருளாக்கிற்று. தேயிலை எரிந்த புகையோ திகட்டும் இனிமையுடையதாய்த் தலையைச் சுழற்றியது எனத் தீயணைப்பாளர் நினைவு கூர்ந்தனர். ஒரு தேயிலைப் பெட்டியின் பின்னே எத்தனை கூடைக் கொழுந்து, அக்கூடைகளின் பின்னே எத்தனை பெண்களின் முதுகு என்பதைத் தோட்டத்திற் பிறந்தோர் அறிவர். உலகின் இரு முனைகளில் நின்ற இரு தொழிலாளர் கூட்டங்கள், ஒன்றையொன்று காணாமலே, ஒரே பொருளின்மேல் தம் உழைப்பைச் செலுத்தின.

டிசெம்பர் 29ஆம் திகதி இரவு நகரின் நடுப்பகுதி தீக்கிரையானபோது வீதிக் குழாய்கள் உடைந்தன. நதியும் மிக வற்றியிருந்தது. நீர் அருகே இருந்தும் சேற்றினூடே குழாய் இழுத்து அதனைக் கரைசேர்க்கப் படகினர் பட்டபாடு பெரிது. நகரம் முற்றாக அழியாது எஞ்சியதில் அவர்கட்கும் பங்குண்டு.

ஓய்வும் மீட்பும்

யுத்தத்தின் பின் துறைமுகத்தின் நிலை மாறியது. பெட்டகக் கப்பல்கள் வந்தன. பழைய பண்டகசாலைகள் தேவையற்றுப் போயின. 1968இல் சென் கத்தரீன் துறை மூடப்பட்டது. 1981 அளவில் மேல்நதித் துறைகள் யாவும் ஓய்ந்தன. காக்கவேண்டிய பண்டம் அகன்றதும் காவற்படகும் வேண்டாததாயிற்று. 1971இல் மாஸி ஷா சேவையினின்று நீக்கப்பட்டு, கவனிப்பாரற்றுத் துருப்பிடித்துக் கிடந்தது.

அதனை மீட்டது அரசன்று. 1980களின் தொடக்கத்தில் ஆர்வலர் சிலர் பாதுகாப்புச் சங்கமொன்று அமைத்தனர். படகைப் பழுதுபார்த்து, 1985இல், டன்கேர்க்கின் நாற்பத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கு, மீண்டும் அக்கரைக்கே செலுத்திச் சென்றனர். பின்னரும் பணமின்மையால் அது நலிவுற்ற காலமுண்டு. சங்கம் சோர்வுறவில்லை. தேசிய லொத்தர் நிதியின் உதவி பெற்று, குளொஸ்டர் நகரிலுள்ள தச்சுத் துறையில் அதனை முழுதும் திருத்தி, மீண்டும் தேம்ஸ் நதிக்குக் கொணர்ந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வகைப் படகுகளுக்குச் சட்டத்தின் மதிப்பும் கிடைத்துள்ளது. சியற்றில் நகரில் 1909இற் கட்டப்பெற்ற டுவாமிஷ், லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தின் 1925ஆம் ஆண்டுப் படகான ரால்ப் ஜே. ஸ்கொட், நியூயோர்க்கின் 1938ஆம் ஆண்டுப் படகான பயர் பைட்டர் ஆகிய மூன்றும் 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. நியூயோர்க்கின் மற்றொரு படகான ஜோன் ஜே. ஹார்வியின் கதை இன்னும் கருதத்தக்கது. 1931இற் கட்டப்பெற்று, ஓய்வின் பின் உடைத்து விற்கப்படும் நிலையில் இருந்த அதனை 1999இல் தனியார் சிலர் ஏலத்தில் வாங்கித் திருத்தினர். 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தபோது நகரின் நீர்க்குழாய்கள் சிதைந்தன. அப்போது அந்த எழுபதாண்டுப் படகு கரைசேர்ந்து, நாட்கணக்காக இடையறாது ஆற்றுநீரை இறைத்து உதவியது. பழம்பொருள் பேணுதல் வீண்செலவு என்பார்க்கு இதனினும் தக்க விடை வேண்டுவதில்லை.

மாத்தளை கொள்ளவேண்டிய கருத்து

இலங்கையிலும் பழம்பொருட் பாதுகாப்பு உண்டு; அதன் ஆற்றலும் பெரிது. போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது நாலந்தைக் கெடிகே நீருள் மூழ்கும் நிலை வந்தது. அதனைக் கல் கல்லாகப் பிரித்து, உயர்ந்த இடத்துக்குக் கொணர்ந்து, முன்னிருந்தவாறே அடுக்கி, 1980இல் அப்பணியை நிறைவுசெய்தனர். ஆயிரம் ஆண்டு கடந்த கட்டடத்தையே பெயர்த்து நிறுத்த வல்ல நாட்டுக்கு நூறாண்டுப் பொருளைக் காத்தல் அரிதன்று.

அரிதாயிருப்பது நோக்கே. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், தொல்பொருள் எனப்படுவது 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது என வரையறுத்தது. அது கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்ட நாள். பிற்காலக் கட்டடங்கள் சில பின்னர் அரசறிவித்தல் மூலம் பாதுகாப்புப் பெற்றுள்ளன என்பது உண்மையே. ஆயினும், அந்த எல்லைக்கோடு மக்கள் சிந்தனையில் இன்றும் நிற்கிறது. மலைநாட்டுத் தமிழரின் வரலாறோ முழுவதும் அக்கோட்டுக்கு இப்பாலே தொடங்குவது. அவர்கள் நடந்த வழி, தங்கிய மடம், வாழ்ந்த லயம், நிறுத்த தராசு, அடித்த பிரட்டுத் தப்பு, கோப்பி உலர்த்திய களம், இறப்பர்த் தாள் உருட்டிய பொறி ஆகியன எவையும் தாமே தொல்பொருளாக மதிக்கப்படுவனவல்ல. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு மாத்தளை நகரில் நினைவுச்சின்னம் உண்டு, அது தகும். அதே காலத்தில் வடக்கு வீதியில் வீழ்ந்து மடிந்தோரையும் அந்நகரம் நினைத்தல் தகும்.

முயற்சி அறவே இல்லை எனலாகாது. கண்டிக்கு அருகே அந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று அருங்காட்சியகமாகி 2001இல் திறக்கப்பட்டது. கம்பளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் பழைய லய அறைகளே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 முதல் விளங்குகின்றன. முன்னது தொழிலைக் காட்டும். பின்னது தொழிலாளரைக் காட்டும். இரண்டாவது வகையே மாத்தளைக்கு மிக வேண்டப்படுவது. மலைநாட்டின் வாயிலாக இருந்த ஊர், உள்ளே வந்தோரின் கணக்கை வைத்திருத்தல் முறை.

மாத்தளை மக்களுக்கு மீட்புப் பணி புதிதன்று. 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயலில் முத்துமாரியம்மன் கோயில் சேதமுற்றது. அதனை மக்கள் மீண்டும் எழுப்பி முன்னினும் பொலிவுறச் செய்தனர். இறைவியின் ஆலயத்துக்குக் காட்டிய அந்த ஊக்கத்தில் ஒரு சிறு பங்கு போதும், அவ்வாலயத்தை முதலில் அமைத்தோரின் கைக்கருவிகளும் ஏடுகளும் அழியாது நிற்கும். மாஸி ஷா சங்கத்தினர் செய்ததும் இவ்வளவே: சிலர் கூடினர், பொருளை முதலிற் காத்தனர், மதிப்பும் பணமும் பின்னர் வந்தன.

இதில் கல்லூரிகளுக்குரிய பணி தெளிவானது. மாணவர் வீடுகளிற் கிடக்கும் பழைய துண்டுகள், பற்றுச்சீட்டுகள், கொழுந்துக் கூடைகள், கவ்வாத்துக் கத்திகள், இறப்பர் வெட்டுங் கத்திகள் என்பவற்றைப் பெயரும் இடமும் காலமும் குறித்துச் சேர்த்தல் பெருஞ்செலவு வேண்டும் காரியமன்று. முதியோர் வாய்மொழியைப் பதிவுசெய்தல் அதனினும் எளிது. ஆனால் அதற்குக் கால எல்லை உண்டு. லயங்கள் இடிக்கப்பட்டுத் தனி வீடுகள் எழுதல் வரவேற்கத்தக்கது. வாழ்வோர்க்கு வசதியே முதன்மையாதல் வேண்டும். ஆயின், இடிக்குமுன் ஒவ்வொரு பிரிவிலும் ஓரறையையாவது அளந்து, படம் பிடித்து, இயலுமிடத்து ஒன்றை நிலைக்க விடுதல் எவர் வசதியையும் குறைக்காது.

தேம்ஸ் நதியில் அப்படகைக் காண்போர், அதனைச் செலுத்திய தீயணைப்பாளரை நினைப்பர். அது காத்த தேயிலையையும் இறப்பரையும் விளைத்தவர்களை அங்கே எவரும் நினைப்பரென எதிர்பார்த்தல் இயலாது. அந்த நினைவைக் காக்கும் பொறுப்பு இம்மலைநாட்டுக்கே உரியது.